ஒரு எட்டப்பன் போதுமா?

ஒரு சின்னப் பரீட்சை. 'துரோகி' என்பதற்கு இன்னொரு சொல் சொல்லுங்கள். அகராதியெல்லாம் வேண்டாம். யோசிக்காமல் வாயில் வருவதைச் சொல்லுங்கள்.

'எட்டப்பன்'தானே? நினைத்தேன். கட்சி மாறிய எம்.எல்.ஏ.விலிருந்து, ஆபீஸில் மேனேஜரிடம் போட்டுக் கொடுத்தவர் வரைக்கும் எல்லோருக்கும் நாம் சூட்டுகிற பட்டம் அது. இந்தப் பேரை உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சரித்திர டீச்சர் என்று சொன்னால் நம்ப மாட்டேன். 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் எட்டப்பனாக நடித்த வி.கே.ராமசாமிதான் நமக்கெல்லாம் அந்தப் பாடத்தை நடத்தியவர். படத்தைப் பார்க்காதவர்களுக்கும் கோயில் திருவிழாவின் குழாய் ஸ்பீக்கர் அந்தப் படத்தின் வசனத்தை ஊருக்கே கேட்கும்படி போட்டுப் பாடம் எடுத்துவிட்டது.

இந்த வாரம் அந்தப் படத்தையும், அதோடு போட்டி போட்டுத் தோற்ற இன்னொரு படத்தையும் பற்றிப் பேசலாம். அதற்கு முதலில் நரிக்குடிக்குப் போக வேண்டும்.

நரிக்குடி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: மானாமதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக விருதுநகர் போகும் ரயில் பாதையில் ஒரு சின்ன ஸ்டேஷன். பக்கத்தில் திருச்சுழி, ரமண மகரிஷி பிறந்த ஊர். வானம் பார்த்த பூமி. கண்மாயில் தண்ணீர் கிடந்தால் வெள்ளாமை. இல்லாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். இந்த நரிக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது முக்குளம். பெரிய மருது 1748-இலும் சின்ன மருது 1753-இலும் பிறந்தது அங்கேதான். ராமேஸ்வரம் போகிற யாத்ரீகர்களுக்காக மருது சகோதரர்கள் கட்டியது என்று சொல்லப்படும் சத்திரம் ஒன்று நரிக்குடியில் இருக்கிறது.

இங்கிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்து தூத்துக்குடி ரோட்டைப் பிடித்தால் எட்டயபுரம். அதையும் தாண்டி இன்னும் கொஞ்சம் போனால் பாஞ்சாலங்குறிச்சி. கவனித்தீர்களா? மருது, எட்டப்பன், கட்டபொம்மன் மூன்று பேருடைய ஊரையும் ஒரே நாளில் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஏதோ கடல் தாண்டி இருந்த விரோதிகள் இல்லை இவர்கள். ஒரே கரிசல், ஒரே வறட்சி, ஒரே பஞ்சம் பார்த்த அக்கம்பக்கத்துக்காரர்கள். இதை மனசில் வைத்துக்கொண்டு தியேட்டருக்குள் நுழையலாம்.

1959 மே மாதம். பி.ஆர்.பந்துலு இயக்கத்தில் சிவாஜி நடித்த கட்டபொம்மன் கலரில் வந்து இறங்குகிறது. சில நாள் வித்தியாசத்தில் கண்ணதாசன் தயாரித்து, வசனமும் பாட்டும் எழுதிய 'சிவகங்கைச் சீமை' வருகிறது. இயக்கம் கே.சங்கர். எஸ்.எஸ்.ராஜேந்திரன் நடித்தார். எஸ்.வரலட்சுமி இரண்டு படத்திலும் உண்டு. கதையும் கிட்டத்தட்ட விட்ட இடத்திலிருந்து தொடர்கிற கதை. கட்டபொம்மனை 1799 அக்டோபரில் கயத்தாறில் தூக்கில் போடுகிறார்கள். அவர் தம்பி ஊமைத்துரை 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, கோட்டையை மறுபடி கட்டி, அதுவும் விழுந்த பிறகு மருது சகோதரர்களிடம் அடைக்கலம் தேடுகிறார். அடைக்கலம் கொடுத்தவர்களும் அந்த வருஷமே அழிகிறார்கள்.

வசூலில் யார் ஜெயித்தது என்று உங்களுக்கே தெரியும். சிவாஜிக்கு 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது. கண்ணதாசனுக்குப் பண நஷ்டம். தன் சொந்தச் சீமையின் கதையைப் படமாக எடுத்த கவிஞருக்கு மிஞ்சியது நல்ல பாட்டுகள்தான்.

கட்டபொம்மன் நல்ல படமா? சந்தேகமே வேண்டாம். ஜாக்சன் துரையின் முன்னால் சிவாஜி எழுந்து நின்று வரி கேட்டவனைக் கேள்வி கேட்கும் காட்சியை இன்றைக்கும் ஸ்கூல் மாறுவேடப் போட்டியில் ஐந்து வயதுப் பையன் ஒட்டு மீசையோடு முழங்குகிறான். சக்தி கிருஷ்ணசாமியின் வசனத்துக்கு அவ்வளவு ஆயுசு. கயத்தாறில் கட்டபொம்மனுக்குச் சிலை வைக்க இடம் வாங்கிக் கொடுத்தவரும் சிவாஜிதான். ஒரு நடிகர் தான் நடித்த பாத்திரத்துக்கு இப்படிக் கடன் தீர்ப்பது அபூர்வம். படத்தின் தேசபக்தியை நான் குறை சொல்லவில்லை.

என் கேள்வி வேறே. அந்தப் படம் போட்ட கணக்கு சரியா?

படத்தின் கணக்கு ரொம்பச் சுலபம். அந்தப் பக்கம் வெள்ளைக்காரன். இந்தப் பக்கம் நாம். நடுவில் ஒரே ஒரு எட்டப்பன். அவன் மட்டும் ஒழுங்காக இருந்திருந்தால் கும்பினி மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கும். பார்த்துவிட்டு வெளியே வரும்போது நமக்கு எவ்வளவு நிம்மதி! தப்பு செய்தது ஒருத்தன். நாம் அந்த ஒருத்தன் இல்லை.

நடந்ததைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் யார்? எட்டப்பன் இல்லை. பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். எட்டயபுரம் கும்பினியோடு நின்று பாஞ்சாலங்குறிச்சிக்கு எதிராகப் படை அனுப்பியது நிஜம். தோற்றவனின் நிலத்தில் பெரும் பங்கு வாங்கிக்கொண்டதும் நிஜம். அதை வெள்ளையடிக்க நான் வரவில்லை. ஆனால் இரண்டு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு கும்பினி கணக்குப் பார்க்க வருவதற்கு முன்பே இருந்தது. மருதுவின் கதையில்? சிவகங்கை அரச வம்சத்து உறவுக்காரரான படமாத்தூர் கௌரி வல்லபத் தேவரை 1801 செப்டம்பரில் கும்பினி ஜமீன்தாராக்கியது. அது வரைக்கும் மருதுவுக்குப் பின்னால் நின்ற பலபேர் 'இவர்தானே உரிமைக்காரர்' என்று அந்தப் பக்கம் போனார்கள். போனவர்கள் எல்லோரும் காசு வாங்கியவர்களா? அரசுரிமை யாருக்கு என்கிற வழக்கில் அவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது.

இதைவிட முக்கியம், கும்பினியின் பட்டாளம். துப்பாக்கி பிடித்து நின்றவர்களில் பெரும்பாலோர் லண்டனிலிருந்து வந்தவர்கள் இல்லை. சம்பளத்துக்குச் சேர்ந்த நம்மூர்ச் சிப்பாய்கள். காளையார்கோவில் காட்டை வெட்டிப் பாதை போட்ட கையும் நம்மூர்க் கைதான்.

இதற்கு என்ன பேர்? வெள்ளைக்காரனை எதிர்த்த விடுதலைப் போர். சரி. அதே சமயம் அது உள்நாட்டுப் போரும்தான். ஒரே போர்தான் இரண்டாகவும் இருந்தது. நம்முடைய சினிமா முதல் பாதியை மட்டும் கலர் கலராக எடுத்தது. இரண்டாவது பாதியை ஒரே ஒரு ஆளின் தலையில் கட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டது.

'அதெல்லாம் இன்றைக்கு உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணிச் சொல்வது' என்பீர்கள். இல்லை. அன்றைக்கே தெரிந்திருந்தது. 1801 ஜூன் மாதம் சின்ன மருது ஓர் அறிக்கை எழுதித் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்ட வைத்தார். ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று இன்று பேர். அதில் வெள்ளைக்காரனை எவ்வளவு திட்டுகிறாரோ அவ்வளவு வருத்தம் நம் ஆட்கள் மேலும் இருக்கிறது. நமக்குள் ஒற்றுமை இல்லாததால்தான் நாடு போனது என்கிறார். பிராமணர் முதல் முஸ்லிம்கள் வரை எல்லாச் சாதிக்காரர்களையும் மதத்துக்காரர்களையும் கூப்பிடுகிறார். கும்பினிப் பட்டாளத்தில் வேலை பார்க்கும் சுபேதார், ஜமேதார், சிப்பாய்களையும் சேர்த்துக் கூப்பிடுகிறார், பாருங்கள். தன்னைச் சுட வரப்போகிறவனையே 'நீயும் வா' என்கிற மனசு அது. ஒற்றை எட்டப்பனைக் காட்டித் தப்பித்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லை. தூக்குக் கயிறு காத்திருந்தவருக்குத் தெரிந்தது, 158 வருஷம் கழித்துப் படம் எடுத்தவர்களுக்குத் தெரியாமல் போனது.

சரி, அந்த எட்டப்பன் என்கிற பேரையே கொஞ்சம் கிளறுவோம். அது ஒரு தனி ஆளின் பேர் இல்லை. எட்டயபுரத்தை ஆண்ட வம்சத்தின் பட்டப் பேர். எப்படி வந்தது? அந்த வம்சத்துக் கதை இப்படிப் போகிறது: முன்னோர் ஒருவர் ஒரு வீரனோடு மோதி அவனைக் கொன்றுவிட்டார். செத்தவனுக்கு எட்டுத் தம்பிகள். நாதியில்லாமல் நின்ற அந்த எட்டுப் பேருக்கும் கொன்றவரே தகப்பனாக இருந்து வளர்த்தார். அதனால் எட்டப்பன். கதைதான், சரித்திரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சண்டையில் செத்தவனின் வீட்டை ஏற்றுக்கொண்டதற்கான பேர், நம்மூரில் காட்டிக் கொடுத்தவனின் பேராகிவிட்டதை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

இன்னும் கேளுங்கள். கட்டபொம்மன் சாவதற்குச் சுமார் நாற்பது வருஷம் முன்னால் இதே எட்டயபுரம்தான் வரி தர மாட்டேன் என்று கும்பினியை எதிர்த்தது. எட்டயபுரத்துக்காகப் போரிட்டுப் பிடிபட்டு, பீரங்கி வாயில் கட்டப்பட்டுச் செத்தவர் என்று அழகுமுத்துக்கோனைச் சொல்வார்கள். ஒவ்வொரு ஜூலை 11-ம் தேதியும் அரசாங்கமே அவருக்கு மாலை போடுகிறது. ஆக, நாம் கும்பிடும் ஒரு தியாகி எட்டப்பனின் தளபதி! அவரைக் கொன்ற படைக்குத் தலைவர் யார்? கான் சாகிப் என்கிற யூசுப் கான். அப்போது கும்பினியின் கமாண்டன்ட். பாளையக்காரர்களை ஒடுக்குவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கொஞ்ச வருஷத்தில் அவரே நவாபையும் கும்பினியையும் எதிர்த்து நிற்கிறார். 1764-இல் மதுரையில் அவரையும் தூக்கில் போடுகிறார்கள். இன்று அவரும் நமக்கு வீரர்: மருதநாயகம்.

இந்த மூன்று பேரில் யார் ஹீரோ, யார் வில்லன்? எந்த வருஷம் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

மருதநாயகத்தைப் படமாக்கக் கமல்ஹாசன் 1997-இல் எலிசபெத் மகாராணியையே வரவழைத்துத் தொடக்க விழா நடத்தினார். படம் முடியவில்லை. பணம்தான் காரணம் என்று சொல்வார்கள், சரி. எனக்கு இருக்கும் ஏக்கம் என்னவென்றால், இரண்டு பக்கமும் நின்ற ஒரு மனிதரைப் பற்றி நம் சினிமா எடுக்க வந்த படம் அது ஒன்றுதான். அதுவும் பெட்டிக்குள் போய்விட்டது.

இவ்வளவு நேரம் சினிமாவைத் திட்டிவிட்டேன். அதே கட்டபொம்மன் படத்திலிருந்தே இதற்கு ஒரு மாற்று மருந்தும் எடுத்துக் காட்டுகிறேன். வெள்ளையத்தேவன் போருக்குக் கிளம்புகிறான். மனைவி வெள்ளையம்மாள் கெட்ட கனவு கண்டிருக்கிறாள். போகாதே என்று தடுக்கிறாள். நாட்டுப்புறத்துக் கதைப்பாடலின் வாசனையோடு வருகிற அந்தப் பாட்டைக் கேட்காத தமிழர் குறைவு. இன்னொரு தடவை கவனமாகக் கேளுங்கள். வெள்ளைக்காரன் அதில் வருவதில்லை. எட்டப்பன் வருவதில்லை. வரியும் வட்டியும் வருவதில்லை. புருஷன் திரும்பி வரமாட்டானோ என்று ஒரு பெண் பயப்படுகிறாள், அவ்வளவுதான். அதே ராத்திரி எட்டயபுரத்துப் படைவீரன் வீட்டிலும் ஒருத்தி அதே கனவைக் கண்டிருப்பாள். கும்பினிச் சிப்பாயின் பெண்டாட்டியும் கண்டிருப்பாள். மூன்று பேரும் அந்தப் பாட்டை ஒரு சொல் மாற்றாமல் பாடலாம். வசனம் நம்மைக் கட்சி பிரிக்கிறது. பாட்டு அந்தக் காரியத்தைச் செய்யவில்லை.

பழைய கதைப்பாடல்களும் இப்படித்தான். பேராசிரியர் நா.வானமாமலை ஊர் ஊராகத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தாரே, அந்தக் கட்டபொம்மு கதைப்பாடலில், கான் சாகிபு சண்டையில், நாயகனை ஊர்க்காரன் கொண்டாடுவான். அதே மூச்சில் அவன் செய்த வம்பையும் மறைக்காமல் சொல்லுவான். விடிய விடியப் பாடுகிறவனுக்கு அவசரம் இல்லை. மூன்று மணி நேரத்தில் இடைவேளையும் விட்டுக் கதையை முடிக்க வேண்டிய சினிமாவுக்கு வில்லன் ஒருத்தன் உடனே வேண்டியிருக்கிறது.

ஆனால் இப்போது ஓடுகிற பாட்டு எது தெரியுமா? அக்டோபர் மாதக் கடைசியில் மதுரைக்குத் தெற்கே ஒரு நடை போய்ப் பாருங்கள். திருப்பத்தூரிலும் காளையார்கோவிலிலும் மருது சகோதரர்களின் நினைவு நாள். வேன் வேனாக ஆட்கள் போவார்கள். ஒவ்வொரு வேனின் மேலும் ஆளுயர ஸ்பீக்கர். அதில் மருதுவின் பாட்டு. இன்னொரு தேதியில் இன்னொரு வீரர், இன்னொரு சாதி, இன்னொரு பாட்டு. மெட்டு ஏறக்குறைய ஒன்றுதான். யார் தெரு வழியாக யார் பாட்டு போவது என்று போலீஸ் ரூட் போட்டுக் கொடுக்கிறது. 'எங்க ஆளு' என்கிற சொல்தான் பல்லவி. மருது தன் அறிக்கையில் எல்லாச் சாதியையும் கூப்பிட்டார். அவர் பேரைச் சொல்லி வருகிற பாட்டில் ஒரு சாதிதான் இருக்கிறது.

இது வெறும் சத்தம் என்று நினைக்காதீர்கள். விருதுநகர்க்காரர்களுக்கு 1997 ஞாபகம் இருக்கும். விருதுநகரைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு அரசாங்கம் வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தது. கட்டபொம்மனின் தளபதிகளில் ஒருவர் அவர். தாழ்த்தப்பட்ட சாதியில் பிறந்தவர். அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சிலர் கிளம்பினார்கள். தென் மாவட்டங்கள் பற்றி எரிந்தன. உயிர்கள் போயின. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பேரை அரசாங்கம் எடுத்துவிட்டது. வெள்ளையத்தேவனும் சுந்தரலிங்கமும் 1799-இல் ஒரே கோட்டைக்காகச் செத்தவர்கள் என்கிறது கதை. அந்த ஒரே கோட்டைக்காரர்களின் பேரை வைத்து 1997-இல் சண்டை. இந்தச் சண்டையில் எட்டப்பன் யார், சொல்லுங்கள்?

கடலுக்கு அந்தப் பக்கம் போனால் இன்னும் கொடுமை. ஈழத்தில் யாழ்ப்பாண மேயர் ஆல்ஃபிரட் துரையப்பா 1975-இல் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் மேல் ஒட்டியிருந்த சொல் 'துரோகி'. பிறகு 1986-இல் இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டபோதும் அதே சொல்தான் உதவியது. 2009 வரை அந்தச் சொல்லுக்கு ஓய்வு இல்லை. அந்தப் போருக்கு ஆயிரம் காரணம் உண்டு. சினிமாதான் காரணம் என்று உளற மாட்டேன். ஆனால் 'நம்மில் ஒருவன் மாற்றுக் கருத்துச் சொன்னால் அவன் எட்டப்பன், எட்டப்பனுக்கு ஒரே முடிவுதான்' என்கிற கணக்கு எவ்வளவு சுலபமாக நம் வாயில் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சொல்லைச் சொன்னதும் ஒரு மனிதனைப் பற்றி மேற்கொண்டு எதையும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று ஆகிவிட்டால், அந்தச் சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.

வேறு மாதிரி எடுக்க முடியுமா? எடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்காரர் கென் லோச் 2006-இல் 'தி விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி' என்று ஒரு படம் எடுத்தார். கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது. அயர்லாந்தில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து பிரிட்டிஷ் பட்டாளத்தை எதிர்க்கிறார்கள். பிறகு ஓர் ஒப்பந்தம் வருகிறது. அண்ணன் 'கிடைத்தவரை போதும்' என்கிறான். தம்பி 'போதாது' என்கிறான். கடைசியில் அண்ணன் உத்தரவு கொடுக்க, தம்பியைச் சுடுகிறார்கள். படத்தில் இருவரையும் துரோகி என்று சொல்ல உங்களுக்கு மனசு வராது. இருவரோடும் பேச வேண்டும் போலிருக்கும். பிரிட்டிஷ்காரர்களின் கொடுமையையும் அந்தப் படம் துளிகூடக் குறைத்துக் காட்டவில்லை. இரண்டையும் ஒரே படத்தில் வைக்கலாம் என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டாம்.

நம் கதையில் இதற்குத் தீனி இல்லையா? ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஒரு கும்பினி அதிகாரி. சின்ன வயசில் மதுரையில் இருந்தபோது அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. பின்னால் அதே மருதுவுக்கு எதிராக அவர் போருக்கு வருகிறார். தன் நண்பர் காட்டு மிருகம்போல் துரத்தப்பட்டதையும், தொடை எலும்பு முறிந்து பிடிபட்டதையும், தூக்கில் தொங்கியதையும் பார்த்ததாகத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1801 அக்டோபர் 24, திருப்பத்தூர். மருதுவின் மகன் துரைசாமி சின்னப் பையன். அவனையும் இன்னும் எழுபது பேருக்கு மேலும் 1802-இல் பினாங்குக்குக் கப்பலேற்றுகிறார்கள். 1818-இல் வெல்ஷ் அங்கே போனபோது நோயாளியாக ஓர் ஆள் வந்து முன்னால் நிற்கிறார். துரைசாமி. வெல்ஷுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

இந்த ஒரு காட்சியை எடுக்க யானை வேண்டாம், கோட்டை வேண்டாம். இரண்டு நல்ல நடிகர்கள் போதும். அதில் வில்லன் யார் என்று மட்டும் நம்மால் சொல்ல முடியாது. தயாரிப்பாளர்கள் பயப்படுவது அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

கட்டபொம்மனை மறுபடி பாருங்கள். டிவியில் எப்போது போட்டாலும் நானும் பார்ப்பேன். சிவாஜிக்குக் கை தட்டுங்கள். வி.கே.ராமசாமி வரும்போது மட்டும் இந்தக் கணக்கை ஞாபகத்தில் வையுங்கள்: தொண்டைமான், கௌரி வல்லபர், சம்பளச் சிப்பாய்கள், எல்லைத் தகராறுக்காரர்கள், வேடிக்கை பார்த்தவர்கள். இத்தனை பேர் வேலையையும் அந்த மனுஷன் ஒருத்தரே படத்தில் செய்துகொண்டிருக்கிறார்.

தூத்துக்குடி ரோட்டில் போனால் எட்டயபுரத்தில் இறங்கி ஒரு டீ குடியுங்கள். அந்த ஊர்ப் பிள்ளைகள் வெளியூர்க் காலேஜுக்குப் போய் 'எந்த ஊர்?' என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் எதிரே வருகிற சிரிப்பைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். 1882-இல் பாரதி பிறந்தது அந்த ஊரில். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் கண் மூடியதும் அந்த ஊரில்தான். நமக்கு அந்த ஊரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு வசைச் சொல்.